அப்பா முகத்துக்கு மதிப்பெண்

ஒன்பது நாடுகளில் நேபாளத்துக்கு ஒன்பதாவது இடம். மின்னஞ்சலைத் திறந்த மஞ்சரி கட்டுவால், பட்டியலைத் தலைகீழாகப் படிக்கிறோமோ என்று இன்னொரு முறை பார்த்தாள். சரியாகத்தான் படித்திருந்தாள். ‘பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையிலான உறவின் தரம்’ என்ற தலைப்புக்குக் கீழே மற்ற நாடுகளெல்லாம் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்க, அவள் நாடு மட்டும் கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

நல்ல நேபாளியாக இருந்தால் ரத்தம் கொதித்திருக்க வேண்டும். மஞ்சரிக்கு முதலில் வந்தது ஒரு சின்னத் திருப்தி. இதைத் தெரிந்துகொள்ளவா இத்தனை பேர் இத்தனை வருஷம் அலைந்தார்கள், என்னிடம் கேட்டிருந்தால் சாமாகூசியில் ஒரே ஒரு வீட்டைக் காட்டி வேலையை முடித்திருப்பேனே என்று நினைத்தாள். அந்த வீட்டில் இருப்பது அவளுடைய அப்பா. பட்டியலின் அடியில் ‘நேபாளப் பொறுப்பாளர்’ என்று தன் பெயரைப் பார்த்த பிறகுதான் அந்தத் திருப்தி போயிற்று.

உறவுகளை அளக்கும் துறையில் மஞ்சரி காத்மாண்டுவிலேயே பெரிய ஆள். அதாவது, அந்த வேலையைச் செய்கிற ஒரே ஆள். முனைவர் பட்டம் இருக்கிறது, கருத்தரங்குகளில் கழுத்தில் மாட்டிய அட்டைகள் ஒரு மேஜை டிராயர் நிறைய இருக்கின்றன. கேள்விகளைச் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு பிள்ளை இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும் என்று, பதினான்கு வயது மகள் ச்ருதாவிடம்தான் முதலில் கேட்டாள். ‘நான் பேசும்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பார்’ என்பது கேள்வி. எப்போதும், பெரும்பாலும், சில சமயம், ஒருபோதும் இல்லை என்று பதில்கள். “நீ லேப்டாப்பை மூடினா யோசிச்சுச் சொல்றேன்” என்றாள் ச்ருதா. அது நான்கில் எதிலும் அடங்காததால் மஞ்சரி ‘பெரும்பாலும்’ என்று குறித்துக்கொண்டாள்.

அளவுகோல் ஹாலந்தில் செய்தது. அப்பாவோ அம்மாவோ ஒரு நாற்காலியில், வளர்ந்த பிள்ளை எதிர் நாற்காலியில். தங்களுக்குள் ஒத்துப்போகாத ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் பேச வேண்டும். கேமரா ஓடும். பிறகு அங்கே பயிற்சி பெற்ற மாணவர்கள் உட்கார்ந்து, எத்தனை முறை முகம் பார்த்தார்கள், எத்தனை முறை தொட்டார்கள், எத்தனை முறை அன்பாக ஒரு வார்த்தை சொன்னார்கள் என்று எண்ணி மதிப்பெண் போடுவார்கள்.

வீட்டுக்குள் சண்டை போட எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் படித்த பெண்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேமராவை வைத்து உட்கார்ந்திருக்கும்போது, பெற்ற அப்பாவோடு கருத்து வேறுபாடு என்று யார் வாயைத் திறப்பார்கள்? “புவா சொன்னா சரிதான்” என்று அப்பாவைக் காட்டி மகன் சொல்வான். “அவன் இஷ்டம்தான் என் இஷ்டம்” என்று அப்பா சொல்வார். அதோடு விஷயம் முடிந்தது. மிச்ச நேரம் முழுவதும் இரண்டு பேரும் கேமராக்காரப் பெண்ணிடம், எந்த ஊர், டீ குடித்தாயா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிப்பார்கள். ஹாலந்து மாணவர்கள் அதை ‘ஒருவரையொருவர் தவிர்த்தல்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

பாதிப் பேர் இதை விசா விசாரணை என்றே நினைத்தார்கள். உறவு என்ற வார்த்தை எங்கள் ஊரில் இரண்டு இடத்தில்தான் அடிபடும், கல்யாணப் பேச்சில் ஒன்று, விசா வரிசையில் இன்னொன்று. இவர் இன்னாருக்குத் தந்தைதான் என்று வார்டு ஆபீஸில் போட்டோ ஒட்டி முத்திரை குத்திச் சான்றிதழ் தருவார்கள். உறவின் தரத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் நிறைய வீடுகளில் அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். கலங்கி என்ற பேட்டையில் ஒரு பெரியவர் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அன்பு காட்டுதல் என்ற பகுதியில் அவருக்குப் பூஜ்யம்.

இதையெல்லாம் மஞ்சரி அப்போதே சொல்லி நிறுத்தியிருக்கலாம். கெடு நெருங்குகிறது, அடுத்த கருத்தரங்கு லிஸ்பனில், ஏன் வம்பு என்று விட்டுவிட்டாள். ‘நான் என் தந்தைக்கு அடிக்கடி நன்றி சொல்வேன்’ என்ற வரியை அப்படியே நேபாளிக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். எங்கள் ஊரில் அப்பாவைப் பார்த்து நன்றி என்று சொன்னால், என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அது தெரிந்தும் போட்டாள். அவள் வளர்ந்த வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுகூடக் கிடையாது என்பதால் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை.

அவள் அப்பா தீர்க்கபகதூர் கட்டுவால் டிராஃபிக் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தாபாதலி நாற்சந்தியின் நடுமேடையில் வெயிலிலும் தூசியிலும் நின்று பஸ்களைக் கையால் ஆட்டி வைத்தவர். வீட்டுக்கு வந்த பிறகும் கை மட்டும் வேலையில் இருந்து இறங்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நில் அல்லது வாயை மூடு. இரண்டு விரலை மடக்கி ஆட்டினால் வா, சாப்பிடு. மணிக்கட்டைச் சுழற்றினால் போய்ப் படி. மஞ்சரி பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பில் தேறிய அன்று இரண்டு விரலை ஆட்டினார். அதற்கு மேல் பாராட்டு எதுவும் இல்லை. “உங்கப்பாவுக்குத் தலைகால் புரியல, சந்தையில எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருக்கார்” என்று அம்மாதான் அதற்கு உரை சொன்னாள். அம்மா போன பிறகு உரையும் போயிற்று, சைகை மட்டும் மிஞ்சியது.

போன வருஷம் நடந்தது இதுதான். பாத்ர மாத அமாவாசை எங்கள் ஊரில் அப்பாவின் முகம் பார்க்கும் நாள். கட்டிக்கொடுத்த மகள்கள் இனிப்பும் பழமும் வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருவார்கள். மகன்கள் அப்பாவின் காலில் நெற்றியை வைப்பார்கள், மகள்கள் அவர் கையில் வைப்பார்கள். அப்புறம் முகத்தைப் பார்க்க வேண்டும், சடங்கு அவ்வளவுதான். மஞ்சரி இனிப்போடு கேமராவையும் தூக்கிக்கொண்டு போனாள். ஊர்மக்களிடம் போகும் முன் ஒரு வெள்ளோட்டம், அப்பாவுக்கு ஒரு பெருமையாகவும் இருக்கும் என்பது அவள் கணக்கு. கேமரா முக்காலியை விரித்து நிறுத்தி, எதிரில் உட்கார்ந்து, “உங்கள் மகளோடு நெருக்கமாக இருப்பதாக உணர்கிறீர்களா?” என்று அரசாங்க நேபாளியில் கேட்டாள்.

“நெருக்கம்னா என்ன கேள்வி இது? வார்டு ஆபீஸ்ல முத்திரை குத்திக் குடுத்திருக்கான்” என்றார் அவர்.

வெளிச்சம் சரியில்லை என்று அவள் முக்காலியை நகர்த்தினாள். கோணம் சரியில்லை என்று நாற்காலியை நகர்த்தினாள். மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள். தீர்க்கபகதூர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிள்ளைப் பிராயத்தில் இருந்து பார்த்துப் பார்த்துப் புளித்த கை. மஞ்சரி முக்காலியை மடக்கிக் கட்டிக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். அவர் கூப்பிடவில்லை. அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பதிவுக்கு முறைப்படி மதிப்பெண்ணும் போட்டாள்: முகம் திருப்பிக்கொள்ளுதல், முழு நேரமும்.

அதோடு போக்குவரத்து நின்றது. தசைன் பண்டிகைக்கு அப்பா கையால் நெற்றியில் டீகா வைத்துக்கொள்ளக்கூட அவள் போகவில்லை. களப்பணி என்று சொல்லிக் கணவனையும் மகளையும் அனுப்பினாள். அப்பாவோடு அதே வீட்டில் இருக்கும் தம்பி உஜ்ஜல் ஒருநாள் போனில், “வரணும்னா வரட்டும், மெஷின் வேணாம்னு சொல்றார் தீதி” என்றான். மெஷின் வேண்டாம் என்பது மட்டும் அவள் மனத்தில் தங்கியது. வரட்டும் என்பதை வசதியாக மறந்துவிட்டாள். அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்பது நாற்பதை நெருங்கும் ஒருத்தி அழுகிற விஷயம் இல்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். தண்ணீர்ப் பஞ்சத்தில் இது என்ன கூத்து என்று அதற்கும் தன்னையே திட்டிக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் ஆராய்ச்சியின் தலைவி ஹெண்ட்ரிகா காத்மாண்டு வந்து இறங்கினாள். ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலைமுடி, கட்டைக் குரல், குழாய்க் கால்சட்டை, யாரைப் பார்த்தாலும் கும்பிடு. நல்ல மனுஷி. ஒன்பதாவது இடம் அவளுக்கும் உறுத்தலாக இருந்தது, அச்சுக்குப் போகும் முன் நேரில் பேசிவிடலாம் என்று வந்திருந்தாள்.

மஞ்சரி பேசினாள். அப்படிப் பேசுவோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. எங்கள் தந்தையர் அன்பை வாயால் சொல்ல மாட்டார்கள், அது தட்டில் விழுகிற இரண்டாவது கரண்டிச் சோற்றில் இருக்கும், உங்கள் அளவுகோலுக்கு அந்தக் கரண்டியைப் பார்க்கக் கண்ணில்லை, எங்கள் மௌனம் வெறும் மௌனமல்ல என்று குரல் தழுதழுக்கச் சொன்னாள். அலுவலக உதவியாளப் பெண் மூக்கை உறிஞ்சினாள். சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மஞ்சரி நம்பவில்லை. அலுவலகத்தில் நேபாளத்து அப்பாக்களுக்காக வாதாடுகிறவள், தம்பியிடம் போனில் பேசும்போது அந்த ஆள் ஒரு கருங்கல் என்பாள்.

மிக அழகாகச் சொன்னாய், எனக்கு ஒரு வீட்டைக் காட்டு, நான் பார்த்துவிட்டால் முடிவை நிறுத்திவைத்து இங்கே எல்லாவற்றையும் புதிதாகச் செய்யலாம் என்றாள் ஹெண்ட்ரிகா. மஞ்சரி உடனே வியாழக்கிழமைக்கு ஒரு குடும்பத்தை ஏற்பாடு செய்யப் பார்த்தாள். அவர்கள் வியாழக்கிழமை முடியாது, அன்றைக்கு முகம் பார்க்கும் நாள், மாமனார் வீட்டுக்குப் போகிறோம் என்று கைவிரித்தார்கள். அடுத்த குடும்பமும் அதையே சொன்னது. ஹெண்ட்ரிகாவுக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அப்படியானால் நீயும் உன் தந்தையிடம் போவாய் இல்லையா, நான் கூட வரலாமா என்று கேட்டாள். கரண்டி, சோறு, மௌனம் என்றெல்லாம் அளந்துவிட்ட வாயால் இனி இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றால் அந்தப் பட்டியலின் ஒன்பதாவது இடத்தில் தானே ஏறி உட்கார்ந்துகொள்வது போல ஆகிவிடும். தாராளமாக வாருங்கள் என்றாள்.

அன்று மாலை உஜ்ஜலுக்குப் போன் செய்தாள்.

“நிஜமாவா வர்றே தீதி?”

“வர்றேன். கூட ஒருத்தர் வருவார். என் பேராசிரியர், ஹாலந்து.”

“மெஷின்?”

“கிடையாது. அவர்கிட்ட கேட்டுச் சொல்லு.”

அவன் போனை அணைக்காமல் வைத்துவிட்டுப் போய்க் கேட்டு வந்தான். வரட்டும் என்று கையைக் காட்டினார் என்றான். எப்படிக் காட்டினார் என்று மஞ்சரி விடாமல் கேட்டாள். “நான் என்ன டிராஃபிக் பரீட்சையா எழுதறேன்? ரெண்டு விரலை ஆட்டினார். போதுமா?” என்றான். வா, சாப்பிடு. மஞ்சரி போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்த முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கப்புறம் தன்னால் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஹாலந்து, பட்டியல் எல்லாம் பிறகு. அவளுக்கு அந்த முகம் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் இருந்து மழை. சாமாகூசி சாலையில் பள்ளம் எது, சாலை எது என்று தெரியவில்லை. இனிப்புக் கடை வாசலில் ஊர் மகள்கள் எல்லாரும் குடையோடு நின்றார்கள், மோட்டார் சைக்கிள்களில் கணவன்மார் முதுகுக்கும் மனைவிமார் வயிற்றுக்கும் நடுவே இனிப்புப் பெட்டிகள் நசுங்கிக்கொண்டு போயின. மஞ்சரி லால்மோகன் இனிப்பும் பேரிக்காயும் ஒரு சட்டித் தயிரும் வாங்கினாள். டாக்ஸியில் ஹெண்ட்ரிகாவிடம், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொன்னாள். அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் பார்த்தால் எண்ணிவிடுவேன், இத்தனை வருஷப் பழக்கம், விரல் தானாக மடங்கும், அதை மட்டும் மன்னித்துவிடு என்றாள்.

தீர்க்கபகதூர் இஸ்திரி போட்ட சட்டையும் டாக்கா தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு எழுந்தார். ஹெண்ட்ரிகாவின் உயரத்துக்கு நேராக நிமிர்ந்து, பழைய பழக்கத்தில் ஒரு சல்யூட் வைத்தார்.

“நமஸ்தே ஸார். உட்காருங்க ஸார்.”

உஜ்ஜல் சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினான். மஞ்சரிக்கு மானம் போயிற்று. ஹெண்ட்ரிகாவுக்கு ஒன்றும் புரியாததால் அவளும் கும்பிட்டு உட்கார்ந்தாள். அவளோடு பேசும்போது தீர்க்கபகதூர் அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார். ஹாலந்தில் மழை உண்டா, சாலைகள் எப்படி, வண்டிகள் இடது பக்கமா வலது பக்கமா என்று விசாரித்தார். மஞ்சரி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். ஊர் பேர் தெரியாத ஆளுக்கு முழு முகமும் கிடைக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. ஹெண்ட்ரிகாவின் விரல்கள் முழங்கால்மேல் ஒவ்வொன்றாக மடங்கின. அளவுகோல்படி, அந்த அறையில் மிக நல்ல தந்தை மகள் உறவு தீர்க்கபகதூருக்கும் ஹெண்ட்ரிகாவுக்கும்தான்.

பிறகு மஞ்சரி அவர் முன்னால் மண்டியிட்டு, அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். சோப்பு வாசனை அடித்தது. எத்தனையோ பஸ்களை நிறுத்திய கை. நீண்ட ஆயுளோடு இரு, புகழோடு இரு என்று என்னவோ முணுமுணுத்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷத்து வீம்பெல்லாம் எவ்வளவு அற்பம் என்று நினைத்துக்கொண்டே முகம் பார்க்கத் தலையை நிமிர்த்தினாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் ஒரு கூட்டுறவு வங்கியின் காலண்டர் தொங்கியது. அதில் பார்க்க ஒன்றும் இல்லை. மஞ்சரி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ச்ருதாவின் பள்ளிக்கூடம், தன் முதுகு வலி என்று ஏதேதோ சொன்னாள். அவர் உம் கொட்டினார். முகம் காலண்டரை விட்டு நகரவில்லை. சரி, காலண்டர் இருக்கிற பக்கத்துக்கே போய்விடுவோம் என்று பலகாரத் தட்டைச் சாக்கு வைத்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். தீர்க்கபகதூர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். ஹெண்ட்ரிகா தரையைப் பார்த்துக்கொண்டாள். அவள் விரல் ஒன்றும் மடங்கவில்லை. அவள் பரிதாபப்படுகிறாள் என்று மஞ்சரிக்குத் தெரிந்தது, அதுதான் தாங்கவில்லை.

“போன வருஷமும் இதேதான் பண்ணினீங்க” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. “நான் எங்க உட்கார்ந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. வந்தவங்களுக்கு மட்டும் மூஞ்சி, எனக்குச் சுவரு. இன்னிக்கு முகம் பார்க்கற நாள் புவா. நான் எதைப் பார்த்துட்டுப் போறது?”

உஜ்ஜல் டீயோடு வாசற்படியில் நின்றுவிட்டான். தீர்க்கபகதூர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.

“அந்த ஸாரை யார் பார்த்தா?” என்றார். “நேராப் பார்த்தா நடுவுல அழுக்குத் துணி தொங்கற மாதிரி இருக்கு. அதுக்குப் பின்னால ஸார் இருக்காரா, தூண் இருக்கா, யாருக்குத் தெரியும்? மரியாதைக்கு மூஞ்சிய அந்தப் பக்கம் வெச்சேன்.”

“என்ன சொல்றீங்க?”

“நடுவுல ஒண்ணும் தெரியல மஞ்சு. ஓரம் மட்டும் தெரியுது. சுவரைப் பார்த்தாத்தான் ஓரத்துல நீ வர்றே.”

எப்போதிலிருந்து என்று அவள் கேட்டாள். போன தசைனுக்கு முந்தின தசைனிலிருந்து என்றார். ஒரே வீட்டில் இருக்கிறேனே, எனக்குத் தெரியாதே என்று உஜ்ஜல் திணறினான். டிராஃபிக்காரனுக்குக் கண் போயிற்று என்று யாரிடம் போய்ச் சொல்வது, தாபாதலிக்காரர்கள் சிரிக்க மாட்டார்களா என்று அவர் சிடுசிடுத்தார். அப்புறம் குரல் இறங்கியது.

“போன வருஷம் நீ அந்த மூணு காலைத் தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்தே. இப்பத்தான் ஓரத்துல வர்றே, அடுத்த நிமிஷம் காணோம். நில்லுன்னு கையைக் காட்டினேன். நீ போயிட்டே.”

முழு நேரமும் என்று தான் போட்ட மதிப்பெண் மஞ்சரிக்கு ஞாபகம் வந்தது. முழு நேரமும்தான். அந்த மனுஷன் முழு நேரமும் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நேரத்திலும் அவள் மூளையின் ஒரு மூலை வேலை செய்தது. எல்லா அப்பாக்களையும் முதலில் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று புதிய அளவுகோலில் ஒரு வரி சேர்க்கலாம், லிஸ்பனில் நன்றாக எடுபடும் என்று அது கணக்குப் போட்டது. ஒருவருக்குக் கண் போனதை வைத்து ஒரு நாட்டுக்கே கண் போயிற்று என்று எழுதத் துணிகிறாயே, அதற்கும் ஒரு கழுத்து அட்டை மாட்டுவார்களா என்று மஞ்சரி அந்த மூலையைப் பார்த்துக் கேட்டாள். அது வாயை மூடிக்கொண்டது.

அவர் என்ன சொன்னார் என்று ஹெண்ட்ரிகா மெதுவாகக் கேட்டாள். மஞ்சரி தலையை மட்டும் ஆட்டினாள். இத்தனை வருஷம் எதையெதையோ மொழிபெயர்த்தவளுக்கு இதை இப்போது மொழிபெயர்க்க வரவில்லை.

“ஸார் என்ன கேக்கறார்?” என்றார் தீர்க்கபகதூர்.

“ஸார் இல்ல புவா. அவங்க பொம்பளை.”

“அப்படியா? சல்யூட் வேற வெச்சேனே” என்றார். கொஞ்சம் யோசித்து, “பரவால்ல, சாப்பிடச் சொல்லு” என்று ஹெண்ட்ரிகா இருந்த திசைக்கு இரண்டு விரலை மடக்கி ஆட்டினார். ஹெண்ட்ரிகாவுக்கு யாரும் உரை சொல்லவில்லை. அவள் தட்டில் இருந்து ஒரு லால்மோகனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மஞ்சரி சால்வையால் முகத்தைத் துடைத்தாள். நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்காரலாம் என்று எழுந்தாள்.

தீர்க்கபகதூர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

மஞ்சரி நின்றாள். காலை எடுத்தது எடுத்தபடி, கையில் சால்வை முனையோடு, தாபாதலியில் பஸ் நிற்பது போல நின்றாள். அவர் கையை இறக்காமல் முகத்தை மெதுவாகத் திருப்பினார், ஜன்னலைத் தாண்டி, அலமாரி வரைக்கும். அங்கே ஒரு இடத்தில் வந்து முகம் நின்றது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் மூச்சுகூட விடாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப இளைச்சுட்டே” என்றார்.

இந்த ஒரு வருஷத்தில் போட்ட எடையில் பழைய ரவிக்கை ஒன்றும் சேராமல் போயிருந்த மஞ்சரி, “ஆமா புவா” என்றாள்.